கெல்லி மாளிகை: மதராஸ் கொத்தனார்கள் பாதியில் இறங்கிப்போன செங்கல் வீடு

பேரா மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், சுங்கை ராயா ஆற்றை ஒட்டிய ஒரு மேட்டின்மேல் நிற்கிறது கெல்லி மாளிகை. வெளியூர்க்காரர்களுக்கு அது ‘கெல்லிஸ் காசல்’. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பேய் பங்களா. திருமணப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு நல்ல பின்னணி. இவர்களில் பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலைப் பார்க்காமலே காரைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அந்த வீட்டின் கதையில் பாதி கோயிலின் கூரைமேல் இருக்கிறது.

மாளிகை முடிக்கப்படாத வீடு. கட்டத் தொடங்கியது 1915இல். கட்டியவர்கள் மதராஸிலிருந்து அழைத்து வரப்பட்ட தமிழ்க் கைவினைஞர்கள். கட்டச் சொன்னவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்டத் துரை.

ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள கெல்லஸ் என்ற ஊரில் பிறந்தவர். இருபது வயதில் பொறியியலாளராக மலாயா வந்தார். முதலில் சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்பவரின் நில அளவை நிறுவனத்தில் சேர்ந்தார். பேராவில் சுமார் 9,000 ஹெக்டர் காட்டை அழிக்கும் குத்தகை பேக்கரிடம் இருந்தது. அதில் கிடைத்த லாபத்தைக் கொண்டு ஸ்மித் கிந்தா மாவட்டத்தில் 1,000 ஏக்கர் காட்டு நிலம் வாங்கி ரப்பர் நட்டார். ஈயத்திலும் கை வைத்தார். தன் சொந்த ஊர்ப் பெயரையே தோட்டத்துக்கு வைத்து ‘கிந்தா கெல்லஸ்’ என்றார். ஈயக்கப்பல் ஓட்டிய அவருடைய நிறுவனத்துக்கும் அதே பெயர்தான். வந்த இடத்தில் சொந்த ஊரின் பெயரை நட்டுவைப்பது தோட்டத் துரைகளிடம் சாதாரணமாக இருந்த பழக்கம். நம் நாட்டில் பல தோட்டங்கள் ஸ்காட்லாந்துப் பெயர்களைச் சுமந்துகொண்டிருப்பது அதனால்தான்.

ஸ்மித் பணக்காரரான காலத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட, 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. காட்டை வெட்டி ரப்பர் நடவும் பால் வெட்டவும் ஆள் தேவைப்பட்டது. சஞ்சிக்கூலி முறை அதே 1910இல் மலாயாவில் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அதன் இடத்தைக் கங்காணி முறை பிடித்தது. 1907இல் தொடங்கப்பட்ட தமிழர் குடிபெயர்வு நிதி கப்பல் செலவை ஏற்றுக்கொண்டது. மதராஸ், நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் எடுப்பதில் சீனர்கள் முன்னால் இருந்தார்கள்; ரப்பர்க் காடுகளில் தமிழர்கள். ஸ்மித்தின் வீடு இந்த இரண்டு வருமானத்திலும் எழுந்தது.

முதல் வீடு

இன்று மாளிகைக்குப் பின்புறம் கூரையின்றிச் செங்கல் தூண்களும் வளைவுகளுமாக நிற்பதைப் பலர் மாளிகையின் இடிந்த பகுதி என்று நினைத்துவிடுகிறார்கள். அது தனி வீடு. ‘கெல்லஸ் ஹவுஸ்’ என்ற பெயரில் 1909-10 காலத்தில் ஸ்மித் கட்டிக்கொண்ட முதல் மாளிகை. மகள் ஹெலன் 1904இல் பிறந்துவிட்டாள். மகன் அந்தோணி 1915இல் பிறந்த பிறகுதான், முதல் வீட்டுக்கு முன்னால் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இன்னொன்று கட்டும் ஆசை வந்தது.

அந்த ஆசையின் அளவைப் பாருங்கள். ஆறு மாடிக் கோபுரம். அதில் மலாயாவிலேயே முதல் மின்தூக்கி. வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் ஆடும் களம். விருந்து வைக்க மொட்டைமாடியில் முற்றம். ஸ்காட்லாந்துக் கோட்டையின் கனம், மூரிஷ் பாணி வளைவு, இந்திய வேலைப்பாடு எல்லாம் ஒரே கட்டடத்தில் வரவேண்டும் என்று திட்டம். மூரிஷ் பாணி அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கோலாலம்பூரில் 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் செங்கல்லிலும் வளைவிலும் ஏற்கெனவே அந்த வழியைக் காட்டிவிட்டது. அரசாங்க அலுவலகத்துக்குப் பொருந்தியதை ஸ்மித் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் அதற்கு ‘கெல்லிஸ் ஃபோலி’ என்று பெயர் வைத்தார்கள். கெல்லியின் கிறுக்குத்தனம் என்று பொருள். பாதியில் நின்ற கட்டடத்தைப் பார்க்கும்போது அந்தப் பெயர் அப்படியொன்றும் பொய்யில்லை என்றே தோன்றும்.

எழுபது பேர்

வேலைக்காக மதராஸிலிருந்து 70 கைவினைஞர்கள் அழைத்துவரப்பட்டதாகவும், செங்கல்லும் சலவைக்கல்லும்கூட இந்தியாவிலிருந்தே கப்பலேறி வந்ததாகவும் மாளிகை பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. தோட்டத்தில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் ஆள் இருக்கும்போது எதற்காகக் கடல் தாண்டிப் போய் எழுபது பேரைத் தேடவேண்டும்? பால் வெட்டுகிற கையும் செங்கல் வைக்கிற கையும் வேறு. கொத்து வேலை பல ஆண்டுகள் சித்தாளாக இருந்து கற்றுக்கொள்வது. சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறவேண்டும், எவ்வளவு அரைபடவேண்டும், மழைக்கு முன்னால் எந்தச் சுவரை மூடவேண்டும் என்பதெல்லாம் ஏட்டில் எழுதி வைத்த அறிவு அல்ல.

மலாயாத் தமிழர் என்றால் பால்வாளியும் ரயில் தண்டவாளமும்தான் நம் பேச்சில் உடனே வருகின்றன. கட்டடத் தொழில் அந்தப் படத்தில் சேர்வதே இல்லை. ஆனால் அந்த வரிசை மிகப் பழையது. 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். அந்தத் தீவின் முதல் கட்டடக் குத்தகைக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856 முதல் 1861 வரை கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அதன் சுவர்ப் பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் வெல்லமும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலந்தார்கள். ‘மதராஸ் சுண்ணாம்பு’ என்று பெயர் பெற்ற வேலை அது. தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால் பளிங்குபோல் மின்னும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1881இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்த பிறகு, அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் வேண்டாம், செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டுங்கள் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். அந்தத் தேவைக்கு யாப் குவான் செங் நடத்திய சூளை இருந்த இடம் அது.

மதராஸ் கொத்தனார்கள் கிந்தாவுக்கு வந்தபோது இரும்புக் கம்பியும் சிமெண்டுக் கலவையும் பரவிக்கொண்டிருந்த காலம்தான். ஆனாலும் இந்த வீட்டின் அழகு செங்கல் வளைவில் இருக்கிறது. வளைவு கட்டுவது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதலில் மரத்தால் வளைவின் வடிவத்தில் ஒரு சட்டம் அடித்து முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் சமமாகச் செங்கல்லை அடுக்கி வந்து உச்சியில் சேர்ப்பார்கள். கலவை இறுகிய பின் சட்டத்தைக் கழற்றினால் ஒவ்வொரு செங்கல்லும் அடுத்த செங்கல்லை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் கூடக் குறைய ஏறினால் சட்டம் கழற்றும் நாளில் தெரிந்துவிடும். மாளிகையின் நீண்ட நடைவழியில் நின்று வரிசையாகப் போகும் வளைவுகளை ஒரு முனையிலிருந்து பார்த்தால் கோடு பிசகாமல் ஓடும். நூறு ஆண்டுக்கு மேல் மழையைக் குடித்த பிறகும் அவை நிற்கின்றன. கோட்டை, ராணி, பேய் என்று எதை எதையோ தேடி வருகிறவர்கள் அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

காய்ச்சலும் கோயிலும்

1918இன் பிற்பகுதியில் ஸ்பானிய விஷக்காய்ச்சல் மலாயாவுக்கு வந்தது. தோட்டங்களில் அதன் அடி கடுமை. நெருக்கமான லயங்களில் ஒருவருக்கு வந்தால் வரிசை முழுவதும் படுத்தது. மலாயாவில் அதிகம் இறந்தவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். கிந்தா கெல்லஸ் தோட்டத்திலும் ஆட்கள் இறந்தார்கள். மாளிகை வேலை செய்த கொத்தனார்களும் தப்பவில்லை.

அப்போது வேலையாட்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டவேண்டும் என்று கேட்டார்கள். காய்ச்சலும் அம்மையும் வந்தால் மாரியம்மனிடம் போவது ஊரில் அவர்கள் அறிந்த வழி. ஸ்மித் ஒப்புக்கொண்டார். வீட்டு வேலையை நிறுத்தி வைத்துவிட்டுக் கோயில் வேலை நடந்தது. இதைத் துரையின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லும் வழக்கம் சுற்றுலாக் கதைகளில் உண்டு. பாதிப்பேர் படுத்துக் கிடக்க, மீதிப்பேர் பயந்து கிடந்த தோட்டத்தில், அவர்களுக்குத் தைரியம் கொடுக்காமல் துரையின் வேலை எதுவும் நடந்திருக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். கேட்டவர்கள் தொழிலாளர்கள், கட்டியவர்களும் அவர்களே.

கோயில் முடிந்தபோது நன்றியாக, கூரையில் தெய்வங்களின் சுதைச் சிற்ப வரிசையில் ஸ்மித்தையும் வைத்தார்கள். தலையில் தொப்பி, வெள்ளை உடுப்பு, காலில் சப்பாத்து. மலேசியாவில் துரை ஒருவர் சாமிகளோடு சாமியாக நிற்கும் காட்சி அபூர்வம். சுதை வேலை தெரிந்த கைகள் அங்கே இருந்ததால்தான் அது முடிந்தது. ஸ்மித்தைப் பற்றி அந்தத் தொழிலாளர்கள் கடிதம் எழுதி வைக்கவில்லை. அவர்கள் பார்த்த ஸ்மித் இந்தச் சுதையில் இருக்கிறார்.

காய்ச்சல் ஓய்ந்தபின் வேலை மீண்டும் தொடங்கியது. ஆனால் ரப்பர் விலை 1920களின் தொடக்கத்தில் சரிந்தது. 1922இல் பிரிட்டிஷ் அரசாங்கம் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு நிலைமை மோசம். மாளிகை மெதுவாகவே வளர்ந்தது. 1926 டிசம்பரில், கோபுரத்துக்கான மின்தூக்கியை வாங்கப் போர்த்துகல் சென்றிருந்த ஸ்மித், லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். வயது 56. மனைவி ஆக்னஸ் சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஸ்காட்லாந்துக்கே திரும்பினார். கோபுரத்தில் மின்தூக்கிக்காக விட்ட செங்குத்துப் பள்ளம் இன்றும் வெறுமையாக இருக்கிறது.

வாங்கிய நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது ரப்பர் மரம்; வீடு அல்ல. காடு வீட்டுக்குள் வந்தது. பேய்க்கதைகள் பிறந்தது அதன்பின்தான். ரகசியச் சுரங்கப்பாதை கோயில்வரை போகிறது, மாடி நடைவழியில் துரை நடக்கிறார் என்றெல்லாம் சொல்வார்கள். ஆளில்லாத பெரிய வீடு எங்கே இருந்தாலும் இந்தக் கதைகள் வரும். இவற்றில் அதிகம் நேரம் செலவிடத் தேவையில்லை. 1999இல் ‘அன்னா அண்ட் த கிங்’ ஹாலிவுட் படத்துக்கு இங்கே படப்பிடிப்பு நடந்ததும் வெளியுலகம் மாளிகையை அதிகம் கவனித்தது. பேரா மாநில அரசின் பொறுப்பில் இன்று அது சுற்றுலாத் தலம்.

செங்கல்லை எப்படிக் காப்பது

முடிந்த வீட்டைப் பாதுகாப்பதைவிட முடியாத வீட்டைப் பாதுகாப்பது கடினம். முடிந்த வீட்டுக்குக் கூரை உண்டு, பூச்சு உண்டு, மழைநீர் இறங்கக் குழாய் உண்டு. கெல்லி மாளிகையில் சில சுவருக்குப் பூச்சு இருக்கிறது. பல சுவரில் வெறும் செங்கல். கிந்தாவில் மழைக்காலம் என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, ஆண்டு முழுக்கப் பெய்யும். மழை மேலிருந்து சுவரின் தலையில் இறங்குகிறது. தரையின் ஈரம் கீழிருந்து செங்கல்லில் ஏறுகிறது. ஏறிய நீர் காயும்போது அதில் கரைந்த உப்பு சுவரின் மேல்தோலில் வெள்ளையாகப் பூக்கும். பார்க்கச் சுண்ணாம்புபோல் இருக்கும் அது செங்கல்லை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது. சூளையில் நன்றாக வெந்த செங்கல் தாங்கும். வேக்காடு குறைந்தது மாவாகும். பழைய சுவரில் ஒரு கல் முழுசாகவும் பக்கத்துக் கல் குழிந்தும் இருப்பதற்குச் சூளையில் அவை இருந்த இடமே காரணம்.

இரண்டாவது எதிரி ஆல், அத்தி வகை மரங்கள். பறவை எச்சத்தில் விதை வந்து இடுக்கில் விழும். ஒரு விரல் அளவு செடியாக இருக்கும்போது பிடுங்கினால் பிரச்சினை இல்லை. வேர் சுவருக்குள் போனபின் பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும். அப்போது தண்டை வெட்டி, வேரை உள்ளேயே சாகவைத்து, பிறகு இடுக்கை அடைக்கவேண்டும். இந்த வேலைக்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்க்கவேண்டும். பழைய கட்டடங்கள் பணம் இல்லாமல் அழிவதைவிட ஏணி வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் அழிவது அதிகம்.

மூன்றாவது எதிரியைப் பலர் நண்பன் என்று நினைக்கிறார்கள். அது சிமெண்டு. சுண்ணாம்புக் கலவை செங்கல்லைவிட மென்மையானது. ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சுவர் சற்று அசைந்தால் கலவைதான் கொடுத்துப்போகும், கல் பிழைக்கும். சிமெண்டு கல்லைவிடக் கடினம். சுண்ணாம்புச் சுவரின் இடுக்கில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் சிமெண்டுக் கோடு அப்படியே நிற்க, நடுவில் உள்ள செங்கல் கரைந்து குழியாகிவிடும். நம் ஊர்களில் பழைய கோயில், பழைய கடைவீடு, பழைய தோட்டத்துப் பள்ளி ஆகியவற்றைப் பழுதுபார்க்கும்போது ‘நன்றாகவே செய்வோம்’ என்று சொல்லிச் செய்யப்படும் தவறு இதுதான். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்ற குறை உண்மைதான். தமிழ்நாட்டில் பழங்கோயில் திருப்பணிகளில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன்னால் செய்ததுபோல அங்கிருந்து ஆள் அழைக்க இன்று கப்பல்கூட வேண்டியதில்லை.

கெல்லி மாளிகை விஷயத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. பாதியில் நிற்பதை முடித்துவிடலாமா என்பது. மின்தூக்கி பொருத்தி, சுவர் முழுவதும் பூசி, வண்ணமடித்தால் வருகை கூடும் என்று சொல்வோர் இருக்கலாம். அப்படிச் செய்தால் கொத்தனாரின் கை மறைந்துவிடும். பூச்சு இல்லாத இடத்தில்தான் செங்கல் அடுக்கு தெரிகிறது, வளைவின் முறை தெரிகிறது, எந்த வரியோடு வேலை நின்றது என்பதும் தெரிகிறது. இருப்பதை இருக்கிறபடி தாங்கி நிறுத்துவதே இங்கே சரியான வேலை. முன்னிருந்த தொல்பொருள் சட்டத்தின் இடத்தில் 2005இல் மலேசியா கொண்டுவந்த தேசியப் பாரம்பரியச் சட்டம் பழைய கட்டடங்களைப் பாரம்பரியச் சொத்தாகப் பதிந்து காக்க வழிசெய்கிறது. ஆனால் சட்டம் சுவரைக் காக்கலாம். கதையைக் காப்பது வேறு வேலை.

கோயில் காக்கப்படும் முறை இதற்கு நேர் எதிர். கோயிலைப் பழையபடி விட்டுவைப்பது நம் வழக்கம் அல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, உதிர்ந்த சுதையைத் திருத்தி, புது வண்ணம் பூசிக் குடமுழுக்கு நடத்துவதுதான் முறை. பழமைக் காப்பு அதிகாரி ஒருவர் இதைப் பார்த்தால் தலையில் கைவைத்துக்கொள்வார். ஆனால் கிந்தா கெல்லஸில் ஆள் இல்லாமல் காடு பிடித்தது வீடுதான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது கோயிலில். இரண்டு முறையும் தேவை என்பதற்கு ஒரே தோட்டத்தில் ஒரே காலத்தில் எழுந்த இந்த இரண்டு கட்டடங்களைவிட நல்ல சான்று கிடைக்காது.

வீட்டைக் கட்டியவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது வழக்கமாகக் கிடைப்பது ‘70’ என்ற எண்ணிக்கை மட்டும். ஸ்மித்தின் பிறந்த ஊர், மகன் பிறந்த ஆண்டு, இறந்த நகரம் எல்லாம் தெரிகின்றன. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியபோது லயங்களில் இருந்தவர்கள் ஈப்போ, பத்து காஜா, கோலாலம்பூர் என்று சிதறினார்கள். அவர்களோடு தாத்தா பாட்டி சொன்ன கதைகளும் சிதறின. கிந்தா பக்கத்துத் தோட்டங்களில் இருந்த குடும்பங்களின் அலமாரியில் பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கப்பல் பயணத் தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், குழுவாக நின்று எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதன் பின்பக்கத்தில் இருப்பவர்களின் பெயரையும் ஊரையும் பென்சிலால் எழுதி வைக்கலாம். பேனா மை படத்தின் முன்பக்கத்துக்கு ஊறிவிடும். ‘கொத்தனார் வீடு’ என்று அழைக்கப்பட்ட குடும்பம் எதுவும் நினைவில் இருந்தால் அதை இன்றே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்வது நல்லது. கைப்பேசியே போதும்.

மாளிகைக்குப் போகிறவர்கள் காலையில் போவது நல்லது. மதியத்துக்குமேல் மழை வந்தால் மேல்மாடி வழுக்கும். சில இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை, சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் பின்புறத்துப் பழைய வீட்டுத் தூண்களைப் பார்த்துவிட்டு, பிறகு நடைவழி வளைவுகளுக்கு வந்தால் இரண்டு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். சுவரில் பெயர் கிறுக்கவோ செங்கல் துண்டை நினைவுப்பொருளாக எடுக்கவோ வேண்டாம். அடுத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், அம்மனைக் கும்பிட்டு வெளியே வந்து, சற்றுத் தள்ளி நின்று கூரையை அண்ணாந்து பாருங்கள். தெய்வங்களுக்கு நடுவில் தொப்பி போட்ட ஒருவர் நிற்பார்.